பிரித்துவிட்ட தையல்

ரெடிமேட் துணிக்கு முகதாட்சண்யம் கிடையாது. ஆளுக்குத் தகுந்தபடி நடந்துகொள்ள அதற்குத் தெரியாது. இது தெரிந்த தொழில்தான் அவனுக்கு. வாங்கிவந்த பிறகு பொருந்தாமல் போன துணிகளைப் பிரித்தும் பிடித்தும் சரிசெய்து கொடுக்கிற ஆல்டரேஷன் கடை. அப்படியிருந்தும் அன்று சாயங்காலம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்து வெட்டும் மேஜைமேல் போட்ட பொட்டலத்தைப் பிரித்தபோது அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

"ஸ்போர்ட்ஸ் டிரெஸ். ஸ்கூல்ல கொடுத்தாங்க. பெருசாக்குப்பா."

மஞ்சள் பனியன், நீல டிரவுசர். டிரவுசரின் இடுப்புச் சீட்டில் வயது பதிமூன்று என்று போட்டிருந்தது. அவளுக்கு எட்டு.

"இது உன்னோடது இல்ல பட்டன். மாத்தி எடுத்துட்டு வந்துட்டே."

கடை இருந்த மாடிக் கட்டடம் முழுக்க அவளுக்குப் பட்டன் என்றுதான் பெயர். தவழ்ந்த நாளில் கடைத் தரையில் கிடந்த பொத்தான் எல்லாம் அவள் வாய்க்குள் போய் வந்ததால் அவள் அம்மா வைத்தது.

"மாத்தலைப்பா. எங்க கிளாஸ் சைஸ் எனக்குத் தொடையைத் தாண்டலை. மிஸ் பெரிய பிள்ளைங்க மூட்டையிலேர்ந்து தேடி எடுத்துக் கொடுத்தாங்க. இதுவும் வயித்தை நெரிக்குது. கால் மட்டும் தரையைக் கூட்டுது." அவளே சிரித்தாள். "என் இடுப்பு எட்டாவது படிக்குதாம், காலு மூணாவதுலயே நிக்குதாம். பசங்க சொல்றாங்க."

சிரித்து முடித்ததும் மேஜைக்கு அடியில் துணித்துண்டு மூட்டைமேல் போய் உட்கார்ந்துகொண்டாள். அது அவள் இடம். அங்கிருந்து அவள் கால் மட்டும்தான் தெரியும்.

அவன் டிரவுசரை உள்பக்கம் திருப்பினான். பிரித்துவிட உள்ளே துணியே இல்லை. விளிம்போடு விளிம்பாக நறுக்கி, நூல் பிரியாமல் ஓவர்லாக் தையல் அடித்திருந்தார்கள். ஒரு கஞ்சன் தைத்ததைப்போல் இருந்தது.

அவன் தைத்தால் அப்படித் தைக்க மாட்டான். மகளுடைய எல்லா உடுப்பும் அவன் கையால் தைத்ததுதான். பள்ளிச் சீருடை, வீட்டுச் சட்டை, தூங்கும்போது போடுகிற பாவாடை எல்லாவற்றிலும் பக்கத் தையலுக்கு உள்ளே தாராளமாகத் துணி விட்டிருப்பான். விடுமுறை நாளில் துவைத்து மடிக்கிறபோது அக்குள் பக்கமோ இடுப்புப் பக்கமோ இறுகுவதுபோல் கைக்குத் தெரிந்தால் பழைய தையலைப் பிரித்துக் கொஞ்சம் வெளியே தள்ளி ஒரு தையல் ஓட்டிவிடுவான். உள்துணி தீர்ந்துபோனால் புதிதாகத் தைத்துவிடுவான். அவளிடம் சொன்னதில்லை. தனக்குத் தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

மற்ற வீடுகளில் பிள்ளை பருத்தால் முதலில் சட்டை சொல்லும். பொத்தான் தெறிக்கும், கொக்கி மாட்டாது, அம்மாக்காரி கத்துவாள். அந்த வீட்டில் சட்டை வாயைத் திறப்பதற்குள் அவன் அதன் வாயை அடைத்துவிட்டிருந்தான். ஆகவே பட்டனுக்கு எந்த உடுப்பும் இறுகியதே இல்லை. பார்க்கிறவர்களும் ஒத்தாசையாகத்தான் பேசினார்கள். பூசினாற்போல இருக்கிறாள் என்றார்கள். வளர்கிற பிள்ளை என்றார்கள். தாயில்லாத குறை தெரியாமல் வளர்க்கிறான் என்றார்கள். அது அவன் காதில் தேனாகப் பாய்ந்தது.

அன்றைக்குப் பார்த்து அவன் அக்கா வந்து சேர்ந்தாள். பஸ் டிப்போவில் வண்டி போகிற வருகிற நேரம் பார்க்கிற வேலை. டிரைவர்களோடு கத்திக் கத்தி, சாதாரணமாகப் பேசினாலே இரண்டு கடைக்குக் கேட்கும்.

"இது யாரோட டிரவுசர்டா?"

"பட்டனோடது."

அக்கா அதைத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். "கொஞ்சம் இழுத்தா எனக்கே ஏறிடும்போல இருக்கே."

"அக்கா, மெதுவா."

"என்ன மெதுவா? அவ மாடி ஏறி வர்றப்போ நீ பார்த்திருக்கியா? எங்க டிப்போல தள்ளிவிட்டு ஓட்டுற பழைய வண்டிகூட இப்படி மூச்சு வாங்காது."

"அத்தை, நான் இங்கதான் இருக்கேன்" என்றது மேஜைக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"இருக்கேன்னு தெரிஞ்சுதாண்டி சொல்றேன். வெளிய வா. இந்தப் பக்கம் திரும்பு. ஏண்டா, கழுத்துல என்ன இது, கறுப்பா?"

அவன் தலையை நிமிர்த்தவில்லை. "அழுக்கு. எவ்வளவு தேய்ச்சாலும் போகலை."

"நார் வெச்சுத் தேய்க்கிறாங்க அத்தை. எரியுது."

அந்தக் கறுப்பை அவன் பார்க்காமல் இல்லை. பள்ளிக்குப் போகிற சட்டைகளில் காலரைக் கொஞ்சம் உயர்த்தித் தைத்தது அதனால்தான்.

"அழுக்குன்னா போயிருக்கும்டா" என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. அவளுக்குக் குரல் இறங்கினால் விஷயம் பெரிது என்று பொருள். "எங்க டிரைவர் ஒருத்தரோட பொண்ணுக்கும் இதே மாதிரிதான் இருந்துச்சு. சர்க்கரை வர்றதுக்கு முன்னாடி இப்படி ஆகுமாம். நாளைக்குக் குழந்தைங்க டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"போனா என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். சாப்பாட்டைக் குறைன்னுவாங்க, இளைக்க வைன்னுவாங்க. இவளும் இளைக்கணுமா?"

இவளும் என்றான். அந்த 'உம்'மைக் கேட்டதும் அக்கா டிரவுசரை மடித்து மேஜைமேல் வைத்தாள்.

அவன் மனைவி இளைத்துத்தான் போனாள். வயிற்றில் வந்த நோய். சட்டை தொளதொளத்தால்தானே இளைத்தது தெரியும் என்று, அவள் கேட்கும் முன்பே ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் பிடித்துத் தைத்துவைப்பான். அவளும் கண்ணாடியில் பார்த்து, "நான் அப்படியேதான் இருக்கேன் இல்ல?" என்பாள். ஆமாம் என்பான். கடைசியில் பிடிப்பதற்குத் துணி மிஞ்சியதே தவிர ஆள் மிஞ்சவில்லை. ஊட்டப்போனால் இரண்டு கரண்டி. மூன்றாவது கரண்டிக்குக் கையை உயர்த்தி, "போதும்" என்பாள். எந்த நேரத்துச் சாப்பாட்டுக்கும் அந்த ஒரே வார்த்தை.

அவள் போனபின் சில நாள் பட்டனும் சாப்பிடவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். ஒரு மத்தியானம் கீழ்த்தளத்துப் பேக்கரிக்காரர் ஒரு கிரீம் பன்னைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்துவிட்டுப் போனார். அவள் அதைப் பிய்த்துத் தின்றாள். முழுசாகத் தின்று விரலையும் நக்கினாள். அவன் மெஷினை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி போனபோது வராத அழுகை அந்தப் பன்னுக்கு வந்தது. அன்றிலிருந்து பிள்ளை சாப்பிடுவதைப் பார்ப்பது ஒன்றுதான் அவனுக்கு வேலையாகப் பட்டது. மற்றதெல்லாம் கை பழக்கத்தில் நடந்தது.

"அத்தை" என்றாள் பட்டன். "சர்க்கரை வந்தா நானும் செத்துடுவேனா?"

"சீ, வாயைக் கழுவு. என்ன பேச்சு இது?" அக்கா அவளை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

பட்டன் அந்த அணைப்புக்குள் இருந்தபடியே அப்பாவைத்தான் பார்த்தாள். பதில் அவனிடம் இருப்பதாக நினைத்தாள்போல.

"நாளைக்குப் போறோம்" என்றான்.

குழந்தைகள் மருத்துவமனையின் சுவரில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரைந்திருந்தார்கள். நர்ஸ் டேப்பை எடுத்துக்கொண்டு பட்டனின் அருகில் வந்தாள்.

"இடுப்பு முப்பது" என்றான் அவன், கேட்காமலே. "மார்பு முப்பத்தொண்ணு. கை மேல்சுற்றளவு பத்து."

நர்ஸ் அளந்தாள். டேப்பைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "எப்படி சார்?"

"நாந்தான் தைக்கிறேன்."

டாக்டர் நடுத்தர வயதுப் பெண். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துவிட்டு அதையே மேஜையில் தேடிக்கொண்டிருந்தார். "தலையில இருக்கு டாக்டர்" என்று பட்டன் சொன்னதும் இருவருக்கும் நட்பாகிவிட்டது. அவன் இருப்பதையே மறந்து இரண்டு பேரும் பேசினார்கள்.

"காலையில என்ன சாப்பிடுவே?"

"பிரெட், ஜாம், முட்டை, பால்."

"எத்தனை பிரெட்?"

"அப்பா வெக்கிற வரைக்கும்."

டாக்டர் அவனை ஒரு கண் பார்த்துவிட்டுத் திரும்பினார். "ஸ்கூல் விட்டு வந்து?"

"பேக்கரி மாமா பன் கொடுப்பாங்க. ஃபோட்டோ ஸ்டுடியோ மாமா சிப்ஸ் கொடுப்பாங்க. போன் ரிப்பேர் அண்ணன் கூல்டிரிங்க்ஸ்ல பாதி கொடுப்பாரு."

"கொஞ்சமாத்தான் டாக்டர்" என்றான் அவன்.

"பாதிப்பா. பெரிய பாட்டில்ல பாதி."

"சரி, எங்க விளையாடுவே?"

"மேஜைக்கு அடியில உட்கார்ந்து போன் பார்ப்பேன். கீழ வண்டி வரும்னு அப்பா விட மாட்டாங்க. வீட்டுல குதிச்சா கீழ் வீட்டுக்காரர் திட்டுவாருன்னு அதுவும் கிடையாது."

"இது நல்ல நியாயமா இருக்கே" என்றார் டாக்டர். "வயிறு நிறைஞ்சா என்ன பண்ணுவே?"

"சாப்பிடுவேன்."

"நிறைஞ்சப்புறமுமா? போதும்னு சொல்லலாமே."

"சொல்லக் கூடாது."

"சொல்லக் கூடாதுன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை." பட்டன் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தபடி சொன்னாள். "சொன்னா அப்பா மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும். அம்மாவுக்கு ஊட்டுறப்போ ஆகும் இல்ல, அது மாதிரி. நான் ஒரு தடவை சொன்னேன். அப்புறம் சொல்லலை."

அவனுக்கு எப்போது என்று ஞாபகம் வரவில்லை. தன் முகம் எப்படி ஆகும் என்றும் தெரியவில்லை. தன் முகத்தை யார் பார்க்கிறார்கள்? அவள் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு வேளையும், தட்டுக்கு மேலாக, அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறாள்.

டாக்டர் பட்டனை நர்ஸோடு உயரம் அளக்க அனுப்பிவிட்டுப் பேனாவை மூடினார்.

"உங்க மேல குற்றப்பத்திரிகை வாசிக்க நான் இங்க உட்காரலை. இங்க வர்றவங்க நிறையப் பேர் எம்பிள்ளை சரியாத்தான் இருக்குன்னு அடிச்சுச் சொல்லுவாங்க. பக்கத்துலயே இருக்கற கண்ணுக்குத் தெரியாது. உங்களுக்கு இஞ்ச் கணக்கா தெரிஞ்சிருக்கே, அதான் எனக்குப் புரியலை."

"அளவு தெரியும் டாக்டர்" என்றான். "அது அதிகம்னு தெரியலை."

கழுத்தில் இருப்பது அழுக்கில்லை என்றார் டாக்டர், நார் வைத்துத் தேய்ப்பதை இன்றோடு நிறுத்தச் சொன்னார். அது உடம்பு காட்டுகிற சைகை. சர்க்கரை வந்துவிட்டதா, கல்லீரல் எப்படி என்று இரத்தத்தில்தான் தெரியும். மறுநாள் காலை வெறும் வயிற்றோடு வரவேண்டும்.

வெறும் வயிறு என்றதும் அவனுக்குத்தான் கிறுகிறுத்தது.

மறுநாள் காலை பட்டன் பஸ்ஸில் மூன்று முறை பசிக்கிறது என்றாள். சொன்னதற்கெல்லாம் அவன் கை தானாகப் பைக்குள் போனது. பைக்குள் ரொட்டி இருந்தது. நான்காவது முறை அவள் சொல்வதற்குள் இரத்தம் எடுத்து முடித்துவிட்டார்கள். ஊசிக்கு அவள் அழவில்லை. அவன்தான் சுவர்ப்பக்கம் திரும்பி யானையின் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். முடிவு சாயங்காலம்.

அன்றைய பகலைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. ஒரு வாடிக்கையாளரின் பேண்ட்டில் ஒரு காலை மட்டும் மடித்துத் தைத்துவிட்டான். அவர் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "எனக்கு ரெண்டு காலும் ஒரே நீளந்தாங்க" என்றார். இன்னொரு சட்டையில் கை நுழைகிற வழியையே அடைத்துத் தைத்திருந்தான். பக்கத்துக் கடையில் போனைப் பிரித்துக்கொண்டிருந்தவன் எட்டிப் பார்த்து, "என்ன டிகிரி, இன்னிக்கு மெஷின் ஓடுதா, நீங்க ஓடுறீங்களா?" என்றான். கல்லூரியில் படித்துவிட்டுத் தையல் கடை வைத்ததால் அவனுக்கு அங்கே டிகிரி என்று பெயர். வழக்கமாக ஏதாவது பதில் சொல்வான். அன்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தான்.

சாயங்காலம் டாக்டர் அறைக்குள் போனபோது அவன் உட்காரவில்லை. பட்டன்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சர்க்கரை வரலை" என்றார் டாக்டர். "எல்லைக்கு இந்தப் பக்கந்தான் இருக்கு. கல்லீரலும் நல்லா இருக்கு. உட்காருங்க முதல்ல."

அவன் உட்கார்ந்தான்.

"வரலைன்னா இப்படியே விடலாம்னு அர்த்தமில்ல. கழுத்து ஏற்கெனவே மணி அடிச்சிடுச்சு. நல்ல நேரத்துல வந்திருக்கீங்க."

வரப்போகிற வார்த்தை அவனுக்குத் தெரியும். அதற்காகத்தான் இத்தனை நாள் வராமல் இருந்தான். "எவ்வளவு இளைக்கணும்?" என்றான்.

"இளைக்க வேண்டாம்."

அவனுக்குக் காதில் சரியாக விழவில்லை. "இல்ல டாக்டர், எடை எவ்வளவு குறைக்கணும்னு கேட்டேன்."

"நானும் அதைத்தான் சொன்னேன். ஒண்ணும் குறைக்க வேண்டாம். பட்டினி கிட்டினின்னு ஆரம்பிச்சீங்கன்னா என்கிட்ட திட்டு வாங்குவீங்க. எட்டு வயசு. இனிமேதான் வளரப் போறா. எடை இப்ப இருக்கற இடத்துலயே நிக்கட்டும். உயரம் வந்து அதை எட்டிப் பிடிக்கும். வருஷக்கணக்கு ஆகும், ஆகட்டும். நமக்கு என்ன அவசரம்?"

அவன் டாக்டருடைய மேஜையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். தெரிந்த ஒரே பாஷையில் அதைத் தனக்குச் சொல்லிப் பார்த்தான்.

"அப்படின்னா... பக்கத்துல பிடிக்க வேண்டாம். பிரிச்சு விடவும் வேண்டாம். கீழ மடிப்பை மட்டும் இறக்கிக்கிட்டே வந்தா சரி."

டாக்டர் ஒரு நொடி விழித்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். "இதை இவ்வளவு சுருக்கமா இதுவரைக்கும் நான்கூடச் சொன்னதில்ல. ஆமா. கீழ மடிப்பை இறக்குங்க."

மற்றதையும் சொன்னார். பாட்டில் பானம் வீட்டுப் படியே ஏறக்கூடாது. தட்டில் அவளே எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும். சாப்பிடும்போது போன் வேண்டாம், அவன் எதிரில் உட்கார்ந்து தானும் சாப்பிடட்டும், காவல் காக்கக் கூடாது. தினம் வியர்க்க வியர்க்க ஆடவேண்டும். அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். பாதிக்குமேல் காதில் ஏறவில்லை. இளைக்க வேண்டாம் என்ற வார்த்தை மட்டும் உள்ளே சுற்றிச் சுற்றி வந்தது.

வெளியே வந்து மருத்துவமனைப் படியில் உட்கார்ந்துவிட்டான். ரொம்ப நாளாக இறுகக் கட்டிப் போட்டிருந்த மூட்டையை யாரோ அவிழ்த்ததுபோல் உடம்பு தளர்ந்து கிடந்தது.

"அழறியாப்பா?"

"இல்ல."

"மூக்கு ஒழுகுது."

"அது வேற."

போன் அடித்தது. அக்கா. பின்னால் பஸ் ஹாரன்கள்.

"என்னடா ஆச்சு? சொல்லித் தொலையேன்!"

"சர்க்கரை இல்லையாம்க்கா. இளைக்கவும் வேண்டாமாம்."

ஹாரன்களுக்கு மேலாக "அப்பாடா" என்று ஒரு சத்தம் வந்தது. டிப்போவே திரும்பிப் பார்த்திருக்கும். "நாலு நாளா சோறு இறங்கலைடா எனக்கு" என்றாள். அவள் சொல்லியே இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவன் திருத்தவில்லை.

மறுநாள் கீழே போய்ப் பேக்கரிக்காரரிடம் இனிமேல் பன் கொடுக்க வேண்டாம் என்றான். அவர் முகம் சுண்டிவிட்டது.

"ஏன் தம்பி, என் பன்ல என்ன குத்தம்?"

"பன்ல குத்தமில்லண்ணே."

"தாயில்லாப் புள்ள. பார்த்தா மனசு கேக்கலை. வேற நான் என்னத்தைக் கொடுக்கறது?"

"அவளுக்கு அம்மா இல்ல. அதுக்குப் பன் மருந்தில்லண்ணே. நானும் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன்."

பேக்கரிக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தார். மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நான்காவது நாள் பட்டனைக் கூப்பிட்டு, கடைக்குப் பின்னால் மாவு வண்டி நிற்கிற சிமெண்ட் முற்றத்தைக் காட்டி, "இங்க வண்டி காலையில மட்டுந்தான் வரும். சாயங்காலம் நீ எடுத்துக்கோ" என்றாராம். கூடவே ஒரு ஸ்கிப்பிங் கயிறு. மாவு மூட்டை கட்டுகிற கயிறுதான், இரண்டு முனையிலும் மரக்கட்டை செருகியிருந்தது.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். முதல் வாரம் வீடு போர்க்களமாக இருந்தது. பாட்டிலைக் கேட்டுப் பட்டன் தரையில் புரண்டாள். "நீ கெட்ட அப்பா" என்றாள். "பேக்கரி மாமாதான் என் அப்பா" என்றாள். அவனும் இரண்டு முறை தோற்றான். ஒருநாள் பாதி பன், இன்னொருநாள் முழுப் பன். அக்கா வந்து இருவரையும் ஒன்றாக நிற்கவைத்துத் திட்டினாள்.

ஸ்போர்ட்ஸ் டிரெஸ்ஸை இந்த முறை அவளை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு சரிசெய்தான். கால் நீளத்தை வெட்டினான். பக்கத்தைப் பிரித்து, வெட்டி எடுத்த துணியையே இரண்டு பக்கமும் பட்டையாக வைத்துத் தைத்தான்.

"இது எதுக்கு?" என்றாள்.

"நீ கொஞ்சம் குண்டா இருக்கே. அதுக்கு."

அந்த வார்த்தையை அவன் வாயால் சொன்னது அதுதான் முதல் முறை. கூரை இடிந்து விழவில்லை. பட்டன் பட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"பசங்க எப்பவோ கண்டுபிடிச்சிட்டாங்க. நீதான் லேட்டு" என்றாள்.

பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் கடைசியாகத்தான் வந்தாள். ஆனால் நிற்காமல் வந்தாள்.

எத்தனையோ வேளைக்குப் பிறகு ஒரு நாள் இரவு, வீட்டில். அவனும் எதிரில் தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தானும் சாப்பிட்டுக்கொண்டே இன்னொருவரைக் காவல் காப்பது கஷ்டம் என்று அதற்குள் கண்டுகொண்டிருந்தான். பட்டன் கரண்டியைக் கீழே வைத்தாள். தட்டில் கொஞ்சம் சோறு மிச்சமிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். வகுப்பில் கை தூக்குகிற பிள்ளையைப்போல, சொல்லலாமா என்று யோசித்து,

"போதும்" என்றாள்.

அவன் முகத்தை ஒன்றும் செய்யவில்லை. முகம் தானாக என்ன ஆனதோ தெரியாது. அவளைத்தான் பார்த்தான். கன்னம் சிவந்து, முற்றத்தில் ஆடிய வியர்வை நெற்றியில் காய்ந்து, உதட்டோரத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. நோயாளி இல்லை. வயிறு நிறைந்த ஒரு பிள்ளை.

"சரி" என்றான். "தட்டை எடுத்துப் போடு."

அவள் இன்னும் ஒரு நொடி அவன் முகத்தைச் சோதித்தாள். திருப்தியாக இருந்திருக்க வேண்டும். தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டுவிட்டு ஜன்னலோரம் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கயிற்றை எடுத்தாள். ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை சுழற்றினாள். தட். இன்னொரு முறை. தட், தட். அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன.

கீழ் வீட்டிலிருந்து யாரோ கம்பால் கூரையைக் குத்தினார்கள். கயிறு நின்றது. பட்டன் திரும்பினாள்.

"நிறுத்தணுமாப்பா?"

"நீ குதி. நான் போய்ப் பேசிக்கிறேன்."

மாடிப்படி இறங்கும்போது தலைக்கு மேல் மறுபடியும் தட், தட் என்று ஆரம்பித்தது. கீழ் வீட்டுக்காரர் கையில் கம்போடு வாசலிலேயே நின்றிருந்தார். தலைமுடியில் வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள்.

"என்னங்க இது, தலைக்கு மேல இடி இடிக்குது?"

"எம்பொண்ணுங்க. குதிக்கிறா" என்றான், அவள் பெரிய பரீட்சையில் தேறிவிட்டதைச் சொல்கிற குரலில்.

"குதிக்கிறாளா? சுண்ணாம்பெல்லாம் சாப்பாட்டுல உதிருது சார்!"

"இனிமே சாப்பாட்டு நேரத்துல குதிக்காம பார்த்துக்கறேங்க. இன்னிக்கு மட்டும் கொஞ்சம் பொறுத்துக்குங்க." அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். தரையில் வெள்ளையாக உதிர்ந்து கிடந்தது. "உதிர்ந்ததை நானே கூட்டித் தர்றேன். விளக்குமாறு எங்க வெச்சிருக்கீங்க?"